ஹப் மோட்டார் ஆக்சிலைப் பிடிப்பது தகட்டின் தடிமனா, துளையின் இறுக்கமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். பழைய அலுமினிய மலைச் சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தில் 48 வோல்ட், 1500 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) மாட்டியிருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் இரண்டு முறை நட்டு தளர்ந்துவிட்டது. இரண்டாவது முறை கழற்றிப் பார்த்தபோது ஆக்சில் உட்காரும் காடியின் ஓரம் நசுங்கியிருந்தது. விற்றவர், "நல்லா முறுக்கி விடுங்க, போதும்" என்கிறார். வேறு சிலர் டார்க் ஆர்ம், அதாவது ஆக்சில் சுழலாமல் அதைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் தகடு, போடச் சொல்கிறார்கள். எத்தனை மில்லி தகட்டில் வெட்டுவது, ஒரு பக்கம் போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது தடிமனைப் பற்றி. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், அந்த ஆக்சிலை இப்போது எது பிடித்துக்கொண்டிருக்கிறது, அது ஏன் விட்டுக்கொடுக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் 12 மில்லி தகடு போட்டாலும் ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள். கோவையில் டூல் ரூம் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் பட்டறை) வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கடந்த ஏழெட்டு வருடமாக இந்த மாதிரி மின் சைக்கிள்களுக்கு ஆர்ம் செய்து தருகிறேன். நான் சொல்வதில் கணக்குப் போட்டுப் பார்த்தது எது, அனுபவத்தில் தோன்றுவது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

சாதாரண சைக்கிளில் ஆக்சில் சுழலப் பார்ப்பதே கிடையாது. சவாரி செய்பவரின் எடையையும் செயினின் இழுப்பையும் தாங்கினால் அதன் வேலை முடிந்தது. பின்பக்க ஆக்சில் 10 மில்லி தடிமன் என்பதால் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) காடியும் 10 மில்லி அகலத்தில், வாய் திறந்த வடிவில் இருக்கிறது. ஹப் மோட்டார் செய்பவர்கள் அந்தக் காடிக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே 12 அல்லது 14 மில்லி ஆக்சிலின் இரண்டு பக்கத்தையும் பட்டையாகச் சீவி 10 மில்லிக்குக் கொண்டுவருகிறார்கள். மோட்டார் சக்கரத்தை எவ்வளவு முறுக்கு விசையோடு முன்னே சுழற்றுகிறதோ, அதே அளவு விசையோடு ஆக்சில் பின்னே சுழலப் பார்க்கும். இதில் விதிவிலக்கு இல்லை. அந்த முறுக்கு முழுவதையும் இந்த இரண்டு பட்டைகளும் நட்டின் உராய்வும் சேர்ந்துதான் தாங்க வேண்டும். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய கோஸ்டர் பிரேக் ஹப்பைப் பார்த்திருந்தால், அதிலிருந்து ஒரு சின்னத் தகடு செயின்ஸ்டே குழாய்க்கு (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்கு வரும் சட்டக் குழாய்) ஓடிப் பட்டியால் கட்டப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய மோட்டார் சைக்கிள்களின் பின் டிரம் பிரேக் தட்டிலிருந்து ஸ்விங் ஆர்முக்கு ஓடும் கம்பியும் இதே வேலையைத்தான் செய்கிறது. முறுக்கு வரும் இடத்தில் தாங்கு கை வைப்பது பழைய வழக்கம்தான். பல மின் சைக்கிள் கிட்டுகளில் அதை விட்டுவிட்டார்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு எவ்வளவு முறுக்கு வரும் என்று பார்ப்போம். மோட்டாரில் எழுதியிருக்கும் 1500 வாட் இதற்கு உதவாது. முறுக்கைத் தீர்மானிப்பது, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள கன்ட்ரோலர் மோட்டாரின் மூன்று வயர்களில் அனுப்பும் ஃபேஸ் கரண்ட். பேட்டரி கரண்ட் வேறு, ஃபேஸ் கரண்ட் வேறு; வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஃபேஸ் கரண்ட் பேட்டரி கரண்டைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு போவது சாதாரணம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி முழு திராட்டிலில் சுற்றவிடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பார்த்து, அதை அப்போதைய பேட்டரி வோல்ட்டால் வகுங்கள். 48 வோல்ட்டில் 460 சுற்று என்றால் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 9.6 சுற்று. 9.55-ஐ இந்த எண்ணால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது கிடைத்துவிடும். இங்கே ஏறக்குறைய 1. அப்படியென்றால் ஃபேஸ் கரண்ட் 80 ஆம்பியர் போனால் 80 நியூட்டன் மீட்டர். கரண்ட் மிக அதிகமானால் மோட்டாரின் இரும்பு காந்தத்தில் நிறைவடைந்து முறுக்கு இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறையும். அதனால் வரும் எண்ணை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பான பக்கமாகவே இருக்கும்.

80 நியூட்டன் மீட்டர் என்றால் கேட்கும்போது சின்னதாகத் தெரியும். கார் சக்கர நட்டை முறுக்குவதைவிடக் குறைவு. ஆனால் அது எந்த இடத்தில் தாங்கப்படுகிறது என்று பாருங்கள். 14 மில்லி ஆக்சிலை 10 மில்லிக்குச் சீவினால் பட்டையின் அகலம் 9.8 மில்லி. ஆக்சில் திரும்ப முயலும்போது பட்டை முழுவதும் காடியில் அழுந்தாது, எதிரெதிர் மூலைகள் இரண்டு மட்டும்தான் அழுந்தும். 80-ஐ 0.0098-ஆல் வகுத்தால் 8,160 நியூட்டன் வருகிறது, கிட்டத்தட்ட 830 கிலோ எடை ஒவ்வொரு மூலையிலும். ஆக்சில் 12 மில்லியாக இருந்தால் பட்டை 6.6 மில்லிதான் இருக்கும். அப்போது இதே முறுக்குக்கு 1,200 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் பாதி. நடைமுறையில் சமமாகப் பகிர்வதே இல்லை. எந்தப் பக்கம் ஆட்டம் குறைவோ அந்தப் பக்கம்தான் முதலில் சுமக்கும். இந்தச் சுமையை வாய் திறந்த காடியிடம் கொடுத்தால் அதன் இரண்டு உதடுகளும் விரியும். உங்கள் சட்டத்தில் நசுங்கியிருப்பதாகச் சொன்ன ஓரம் இந்த மூலை பட்ட இடம்தான் என்று நினைக்கிறேன்.

சரி, நட்டை இன்னும் நன்றாக முறுக்கினால் உராய்வே பிடித்துக்கொள்ளாதா? விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 45 நியூட்டன் மீட்டரில் முறுக்கிய நட்டு ஆக்சிலை ஒன்றரை டன்னுக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் இல்லாத, சமதளமான முகங்களாக இருந்தால் அந்த உராய்வு கணிசமான முறுக்கைத் தாங்கும். 250 வாட் மோட்டார்கள் வருடக்கணக்கில் வேறெதுவும் இல்லாமல் ஓடுவது இதனால்தான். ஆனால் ஹப் மோட்டாரின் ஆக்சில் உள்ளே துளை போட்டு வயர் போகும் ஆக்சில், அதை எல்லையில்லாமல் முறுக்க முடியாது. மரை கழன்றுவிடும், இல்லையென்றால் வயர் வெளியே வரும் இடத்தில் ஆக்சிலே விரிசல் விடும். அலுமினியக் காடியும் பெயின்ட்டும் நாளாக நாளாக அமுங்கிக்கொடுக்க, இறுக்கம் தானாகக் குறையும். இன்னொன்று: மோட்டார் முன்னே தள்ளும்போது ஆக்சில் பின்னோக்கித் திரும்புகிறது. இரண்டு பக்கமும் சாதாரண வலது மரை என்றால், இந்தத் திருப்பம் வலது நட்டை இறுக்கும், இடது நட்டைத் தளர்த்தும். உங்களுக்கு இரண்டு முறையும் இடது நட்டுதான் தளர்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் ஆக்சில் காடிக்குள் அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முறுக்கிவிட்டு ஓட்டுவது இனி தீர்வாகாது.

ஆக்சிலுக்கும் காடிக்கும் இடையில் 0.2 மில்லி இடைவெளி இருந்தால் ஆக்சில் ஒரு டிகிரிக்கு மேல் திரும்பும். அரை மில்லி இருந்தால் ஏறத்தாழ மூன்று டிகிரி. ஒவ்வொரு முறை திராட்டில் கொடுக்கும்போதும் அந்த இடைவெளியைக் கடந்து போய் மூலை சுத்தியலால் அடித்த மாதிரி மோதும். மோதிய இடம் நசுங்கும், நசுங்கினால் இடைவெளி கூடும், கூடினால் இன்னும் பலமாக மோதும். ரீஜென் பிரேக்கிங் (பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவது) இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரேக் பிடிக்கும்போது முறுக்கு எதிர்த் திசைக்கு மாறுகிறது, அதனால் ஒவ்வொரு சிக்னலிலும் ஆக்சில் முன்னும் பின்னும் அடிபடும். இதனால்தான் தடிமனை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். இடைவெளி இல்லாத 6 மில்லி தகடு, அரை மில்லி ஆட்டம் உள்ள 12 மில்லி தகட்டைவிட நன்றாகப் பிடிக்கும்.

என்னுடைய சொந்த வண்டியிலேயே இதைப் பார்த்தேன். முதலில் போட்ட ஆர்ம் 8 மில்லி இரும்பு, வெளியே லேசரில் வெட்டி வாங்கியது. துளை 10.3 மில்லி இருந்தது. நட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ரீஜென் போட்டு நாலு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் திராட்டில் கொடுத்தபோது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம், சக்கரம் இறுகிக்கொண்டது. ஆக்சில் கால் சுற்றுக்கு மேல் திரும்பி, வயர்களை முறுக்கி, மூன்று ஃபேஸ் வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அப்படி ஒட்டினால் மோட்டாரே பிரேக்காக மாறிவிடும். பின்னால் லாரி எதுவும் வராததால் தப்பித்தேன். கழற்றிப் பார்த்தால் ஆர்மின் தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வளையக்கூட இல்லை. துளையின் மூலைகள் மட்டும் வட்டமாகத் தேய்ந்திருந்தன, ஆக்சிலின் பட்டையும் அப்படியே.

அப்புறம் நான் செய்வதெல்லாம் பிளவு போட்டு இறுக்கும் வகைதான். ஆர்மில் பட்டை வடிவத் துளை வெட்டி, அதன் ஒரு ஓரத்திலிருந்து வெளிவரை ஒரு பிளவு விட்டு, பிளவின் குறுக்கே ஒரு போல்ட். ஆர்மை ஆக்சிலில் சொருகி அந்த போல்ட்டை இறுக்கினால் துளை இரண்டு பட்டைகளையும் கவ்விக்கொள்ளும், இடைவெளி பூஜ்யம். எம்8 (8 மில்லி விட்டம்), 8.8 வலிமைத் தர போல்ட்டை 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அதன் இழுப்பு ஏறத்தாழ ஒன்றரை டன். மேலே சொன்ன 830 கிலோவைவிட இது அதிகம் என்பதால் ஆக்சில் முன்னே பின்னே ஆட நினைத்தாலும் கவ்வல் திறக்காது. தகட்டின் விளிம்பில் எம்8-க்கு இடம் வேண்டுமென்றால் தடிமன் தானாகவே 12 மில்லிக்கு மேல் போய்விடும். அவ்வளவு இடம் இல்லாதபோது 10 மில்லி தகட்டில் 12.9 தர எம்5 அல்லது எம்6 போட்டிருக்கிறேன். கவ்வல் குறையும், ஆனாலும் பிளவே இல்லாத துளையைவிட எவ்வளவோ மேல். ரீஜென் உள்ள வண்டிக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கனடாவின் வான்கூவரில் உள்ள கிரின் டெக்னாலஜீஸ் தங்களுடைய ஆல் ஆக்சில் மோட்டாரில் இந்தப் பட்டை ஏற்பாட்டையே விட்டுவிட்டு, பல பற்கள் உள்ள ஸ்ப்லைன் இணைப்பில் ஆர்மை மாட்டுகிறார்கள். இரண்டு மூலையில் விழும் சுமை பல பற்களுக்குப் பகிர்ந்து போகிறது. ஆனால் நம் கையில் இருப்பது பட்டை ஆக்சில், அதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

இப்போது தடிமன். இரண்டு பக்கமும் ஆர்ம் போட்டால் ஒரு மூலைக்கு 4,100 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மூலை பதியும் அகலம் ஒன்றரை மில்லி இருக்கும் என்பது என் மதிப்பீடு, அளந்து சொன்னதல்ல. 6 மில்லி தகட்டில் அது சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டனுக்கு மேல் போகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண மைல்டு ஸ்டீல் 250-ல் நிரந்தரமாக அமுங்கத் தொடங்கும். 10 மில்லி போட்டால் 270 சுற்றி வரும், அதாவது எல்லையில் நிற்கும். ஈஎன் 8 மாதிரி நடுத்தரக் கார்பன் எஃகை வெப்பப் பதம் செய்து போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். கவ்வும் வகையில் மூலை மட்டுமல்லாமல் பட்டை முழுவதும் சுமப்பதால் இந்த எண்கள் இன்னும் இறங்கும். ஆகவே உங்கள் வண்டிக்கு என் பதில்: இரண்டு பக்கமும், ஒவ்வொன்றும் 8 முதல் 10 மில்லி, ஈஎன் 8, கவ்வும் வகை. கவ்வும் வகை செய்ய முடியாது, ரீஜென் இல்லை என்றால், மூடிய துளையோடு இரண்டு பக்கமும் 8 மில்லி. ஒரு பக்கம் மட்டும் என்பதை 1500 வாட்டுக்கு நான் ஏற்க மாட்டேன். ஆனால் வெட்டுவதற்கு முன் ஆக்சிலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையின் நீளத்தை அளந்துவிடுங்கள். ஆர்மும் வாஷரும் போட்ட பிறகு நட்டு முழு உயரத்துக்கும் மரையில் ஏற வேண்டும். 10 மில்லி தகடு போட்டு நட்டு பாதி மரையில் நின்றால், ஒரு ஆபத்தை விற்று இன்னொன்றை வாங்கிய கதைதான்.

வெட்டும் முறையில் முதலிடம் ஒயர்கட்டுக்கு, அதாவது மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டுத் துல்லியமாக வெட்டும் முறைக்கு. கோவை, சென்னை, ஓசூர் போன்ற ஊர்களில் டூல் ரூம்கள் நிறைய இருப்பதால் ஒரு ஜோடி வெட்டித் தருபவர் கிடைப்பார். ஆக்சிலின் பட்டையை வெர்னியரில் இரண்டு பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 10 என்று நம்பி வெட்டாதீர்கள். 9.8 இருந்த ஆக்சிலும் பார்த்திருக்கிறேன், இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அளந்ததைவிட 0.03 மில்லி மட்டும் அதிகம் கேளுங்கள். லேசரில் வெட்டினால் துளை மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகச் சரியும், அதனால் 0.3 மில்லி சின்னதாக வெட்டச் சொல்லிவிட்டு, வீட்டில் அரத்தால் சீவிப் பொருத்துங்கள். லேசர் பட்ட ஓரம் கெட்டியாக இருக்கும், அரம் முதலில் வழுக்கும், பொறுமை வேண்டும். பட்டையில் மார்க்கர் மை தடவி, சொருகி, எடுத்துப் பார்த்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் சீவுங்கள். ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டினால்தான் ஏற வேண்டும், கையால் தள்ளினால் ஏறக் கூடாது. உலோகத்தில் கை வைக்கும் முன் ஆர்மின் வடிவத்தை அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள். டிஸ்க் பிரேக் காலிப்பர், கியர் மாற்றும் டிரெய்லியர், வயர் எல்லாம் இடிக்காமல் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆர்மின் மறுமுனையை எங்கே கட்டுவது என்பது ஒப்பிடும்போது சுலபம். ஆக்சிலிலிருந்து 100 மில்லி தள்ளிப் பிடித்தால் அங்கே 800 நியூட்டன், 200 மில்லி தள்ளினால் 400 நியூட்டன். நீளம் கூடக் கூட அந்த முனையில் சுமை குறையும். ஆனால் ஆக்சில் மூலையில் விழும் சுமை இதனால் ஒரு கிலோகூடக் குறையாது. நீளமான ஆர்ம் போட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. திசையைச் சரியாக வையுங்கள். பின்சக்கரத்தில் ஆர்ம் முன்னோக்கி செயின்ஸ்டேயோடு போனால், மோட்டார் இழுக்கும்போது அதன் முனை மேலே எழும்பப் பார்க்கும். ஆகவே ஆர்மைக் குழாயின் அடிப்பக்கம் வைத்தால் அது குழாயை அழுத்தி நிற்கும், கிளாம்ப் அதை இடத்தில் வைத்திருந்தால் போதும். மேல் பக்கம் வைத்தால் முழுச் சுமையும் கிளாம்பின் பட்டிக்குப் போகும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளாம்ப்பை ரீஜென் இல்லாத சின்ன மோட்டாருக்கு மட்டும் ஒத்துக்கொள்வேன். உங்கள் சட்டத்தில் இடது பக்கம் 51 மில்லி இடைவெளியில் இரண்டு துளை உள்ள டிஸ்க் பிரேக் காது இருந்தால், அதில் எம்6 போல்ட்டால் பிடிப்பது மிக நல்லது. காரியர் மாட்டும் எம்5 துளைகளை நம்பாதீர்கள். அலுமினியச் சட்டத்தில் ஆர்மை வெல்டிங் வைக்க யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்து அலுமினியம் தன் பதத்தை இழந்துவிடும், திரும்பப் பதம் செய்ய முழுச் சட்டத்தையும் உலையில் வைக்க வேண்டும். இரும்புச் சட்டம் என்றால் தாராளமாக வெல்டிங் வைக்கலாம், எனக்குத் தெரிந்த நல்ல வழியே அதுதான்.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது இதே மோட்டாரை முன்சக்கரத்தில், அலாய் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) மாட்ட நினைத்தால், எந்த ஆர்ம் போட்டும் மாட்டாதீர்கள். முன் காடி பெரும்பாலும் 9 மில்லி அகலம், அதை அராவி 10 ஆக்குவார்கள், ஏற்கெனவே மெல்லியது இன்னும் மெலியும். வார்ப்பு உலோகம் விரியாது, எச்சரிக்கை கொடுக்காமல் ஒரேயடியாக உடையும். பின்சக்கரம் கழன்றால் வண்டி நிற்கும். முன்சக்கரம் கழன்றால் முகம்தான் முதலில் தரையில் படும்.

உங்கள் சட்டத்தின் காடி இன்னும் தாங்குமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நசுங்கல் 0.3 மில்லிக்குள் இருந்து விரிசல் இல்லையென்றால், ஆர்ம் போட்டு ஓட்டலாம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் கிடையாது. விரிசலைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் டை பெனட்ரன்ட் ஸ்பிரே (விரிசலுக்குள் புகும் சிவப்புச் சாயமும் அதை வெளிக்காட்டும் வெள்ளை டெவலப்பரும்) கிடைக்கும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, மேலே டெவலப்பரை அடித்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தச் சட்டத்தை இந்த மோட்டாருக்குப் பயன்படுத்த வேண்டாம். இன்னொன்று, நம் நாட்டு விதிப்படி 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டால்தான் பதிவும் உரிமமும் இல்லாமல் ஓட்டலாம். உங்கள் வண்டி அதைத் தாண்டியது. சாலையில் ஏதாவது நடந்தால் இது கேள்வியாக வரும், தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

ஆர்ம் வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க முடியாது என்றால், கன்ட்ரோலரில் ஃபேஸ் கரண்ட்டைப் பாதியாகக் குறையுங்கள், ரீஜெனை அணைத்துவிடுங்கள், மெதுவாகக் கிளம்பும் சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால் போடுங்கள். ஆர்ம் மாட்டும்போது முதலில் ஆக்சில் நட்டைப் பாதி இறுக்கம் வையுங்கள், பிறகு பிளவு போல்ட்டை முழுவதும் இறுக்குங்கள், கடைசியில் ஆக்சில் நட்டு. கிட்டோடு வந்த தாளில் முறுக்கு அளவு இருந்தால் அதையே வையுங்கள், இல்லையென்றால் டார்க் ரெஞ்சில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்துங்கள். வயர் வெளிவரும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், ஆர்மின் ஓரம் வயரில் உரசாமல் மழுக்கிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஆக்சில் முனை, நட்டு, ஆர்ம், சட்டம் நான்கையும் தொட்டுச் செல்லும்படி நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுங்கள். 10 கிலோமீட்டரில் ஒரு முறை, 50-ல் ஒரு முறை, 100-ல் ஒரு முறை அந்தக் கோட்டைப் பாருங்கள். ஆக்சிலுக்கும் ஆர்முக்கும் நடுவே கோடு விலகியிருந்தால் நட்டை முறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். கழற்றி, துளையையும் பட்டையையும் வெர்னியரில் திரும்ப அளந்து, அந்த எண்களோடு ஒரு படமும் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.